வெளி இடத்தில் முதல் மாடல் ஷூட்: பாணியை எழுதுவது முதல் படத்தைக் கையில் கொடுப்பது வரை

முதல் தடவை ஒரு மாடலை வெளி இடத்துக்கு அழைத்துப்போய்ப் படமெடுத்தபோது என்னிடம் நல்ல கேமரா இருந்தது, நல்ல லென்ஸ் இருந்தது, வந்த மாடலும் நல்ல அனுபவசாலி. படம் மட்டும் தேறவில்லை. அவர் ஜிகினா வேலைப்பாட்டு உடையும் முழு ஒப்பனையுமாக வந்து இறங்கினார். நான் நினைத்து வைத்திருந்ததோ காரை பெயர்ந்த சுவர், பருத்தி உடை, பூச்சில்லாத முகம். குற்றம் அவருடையது இல்லை. என்னைப் பற்றி நானே எழுதி வைத்திருந்த வரி, ‘இயல்பான, உணர்வுபூர்வமான படங்கள்’. அதைப் படித்துவிட்டுத் தனக்கு எது இயல்போ அப்படி வந்திருக்கிறார். இது போதாதென்று, டிரைபாடை விரித்த கொஞ்ச நேரத்தில் காவலாளி வந்து அனுமதிச் சீட்டு கேட்டார். அவரிடம் கெஞ்சி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது.

அன்று ஒரே மாலையில் பட்டதைத் துண்டு துண்டாகச் சரிசெய்ய எனக்கு மூன்று வருடம் ஆனது. கேமராவைக் கையாளத் தெரியும், ஆனால் முன்பின் தெரியாத ஒருவரை வெளியே நிறுத்திப் படமெடுத்ததில்லை என்பவர்களுக்காக அதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. உங்கள் பாணியை ஐந்து வரியில் எழுதுங்கள்

போட்ரெயிட் எடுப்பவர்கள் தங்களைப் பற்றி எழுதும் பத்திகளைப் பத்து எடுத்து அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். கனவு போன்ற, காலத்தால் அழியாத, மனதைத் தொடும், உள்ளழகை வெளிக்கொணரும்… பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது. படிக்கிற மாடலுக்கு இதில் ஒரு உபயோகமும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் வேறு. எந்த உடை எடுத்து வைக்க வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், படத்தில் முகம் பெரிதாக இருக்குமா இடம் பெரிதாக இருக்குமா, கடைசியில் என் தோலை மெழுகு மாதிரி ஆக்கிவிடுவாரா?

அதனால் ஐந்து விஷயத்துக்கும் தலா ஒரு வரி எழுதுங்கள்: வெளிச்சம், தூரம், பின்னணி, நடத்தும் விதம், எடிட்டிங்.

வெளிச்சம் என்றால் நேர் வெயிலா, நிழலா, முதுகுக்குப் பின்னால் சூரியனா, ஃபிளாஷா என்று ஒன்றைச் சொல்லுங்கள். தூரத்தைப் பலர் லென்ஸ் கணக்கில் சொல்வார்கள். முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் இல்லை, நீங்கள் நிற்கும் இடம்தான். அரை மீட்டரில் நின்று எடுத்தால் மூக்கு முன்னால் வரும், காது ஒளிந்துகொள்ளும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் நாம் எதிரே பார்க்கும் முகம் வரும். நீங்கள் நெருங்கி வருகிற ஆளா, தள்ளி நிற்கிற ஆளா என்பது மாடலுக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டிய சங்கதி.

பின்னணிக்கு இரண்டு பெரிய ஆட்களைப் பாருங்கள். அர்னால்ட் நியூமன் 1946-ல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தில் பியானோவின் தூக்கிய மூடிதான் சட்டத்தை நிறைத்து நிற்கும். மனிதர் இடது கீழ் மூலையில் சிறிதாக இருப்பார். ரிச்சர்ட் அவெடன் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் ஊர் ஊராகப் போய் எடுத்தவர். ஆனால் போன ஊர் எதுவும் அந்தப் படங்களில் தெரியாது. நிழலான இடத்தில் வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டு அதன் முன்னால் ஆளை நிறுத்திவிடுவார். இரண்டுமே ஸ்டுடியோவை விட்டு வெளியே போய் எடுத்தவை. ஒருவருக்கு இடம் பேச வேண்டும், இன்னொருவருக்கு இடம் வாயை மூட வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் லொகேஷன் தேடினால், அழகான இடங்களாகப் பார்த்துப் பார்த்தே கால் வலிக்கும்.

நான் இப்போது அனுப்பும் பத்தி இது:

“மாலையில், வெயில் தணிந்த பிறகு, நிழலில் எடுப்பேன். ஃபிளாஷ் கிடையாது. இடுப்புக்கு மேல் வரும் படங்கள்தான் அதிகம். பின்னால் சுவரோ செடியோ இருக்கும், எந்த இடம் என்று தெரியாது. சிலை மாதிரி நிறுத்தி வைக்க மாட்டேன். நடக்கச் சொல்வேன், பேசிக்கொண்டே எடுப்பேன். பருவை எடிட்டிங்கில் நீக்குவேன், மச்சமும் தழும்பும் அப்படியே இருக்கும்.”

இதில் அழகான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதை அனுப்ப ஆரம்பித்த பிறகு யாரும் ஜிகினாவோடு வந்ததில்லை. வர விரும்பியவர்கள் முன்னாலேயே ‘நமக்குச் சரிப்படாது’ என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நல்லதுதான்.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நமக்குப் பிடித்த பாணியை நம்முடைய பாணி என்று எழுதிவிடுவோம். நீங்களே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் கடைசி நாற்பது படங்களைத் திரையில் பரப்பி எண்ணுங்கள். நான் முழு உருவப் படம் எடுக்கிறவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எண்ணினால் நாற்பதில் ஆறுதான் முழு உருவம்.

2. அதற்குச் சாட்சியாகப் பன்னிரண்டு படம்

எழுதிய ஐந்து வரிக்குப் பொருந்துகிற படங்களை மட்டும் வையுங்கள், பன்னிரண்டு போதும். கல்யாணப் படம், பூனைப் படம், சூரிய அஸ்தமனம் எல்லாம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் வெளியே போகட்டும். ஒரே ஆளின் படம் பன்னிரண்டில் எட்டு இருந்தால் பார்ப்பவர் அந்த முகத்தைத்தான் ஞாபகம் வைப்பார். குறைந்தது ஐந்து முகமாவது இருக்கட்டும். நண்பர்களையும் உறவினர்களையும் நிறுத்தி எடுத்தாலும் சரிதான்.

3. மாடலோடு முதல் பேச்சு

முதலில் யார் யாருக்குப் பணம் தருவது என்று தெளிவாக வேண்டும். நீங்கள் மாடலுக்குத் தரலாம், மாடல் உங்களுக்குத் தரலாம், அல்லது ஒருவருக்கொருவர் பணம் இல்லாமல் அவர் நேரத்தையும் நீங்கள் படத்தையும் கொடுத்துக்கொள்ளலாம். கடைசி வகைக்குத் தொழிலில் டிஎஃப்பி (டைம் ஃபார் பிரிண்ட்ஸ், அதாவது நேரத்துக்குப் பதில் படம்) என்று பெயர். முன்பு அச்சிட்ட படம் கொடுத்தார்கள், இப்போது கோப்பு. புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள்.

டிஎஃப்பி என்றால் இலவசம், அதனால் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை என்று நினைப்பதுதான் பெரிய பொறி. என் அனுபவத்தில் பணம் கைமாறிய ஷூட்களை விட இதில்தான் மனத்தாங்கல் அதிகம். எத்தனை படம் தருவீர்கள், எத்தனை நாளில், அவர் அதன் மேல் ஃபில்டர் போடலாமா, துணி பிராண்டு ஏதாவது கேட்டால் கொடுக்கலாமா, போக்குவரத்தும் ஒப்பனையும் யார் செலவு? இந்த ஐந்தையும் குறுஞ்செய்தியிலாவது எழுதி, எதிர்ப்பக்கத்திலிருந்து ‘சரி’ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உடை. எவ்வளவு உடல் தெரியலாம், எது கூடாது என்பதெல்லாம் ஷூட்டுக்கு முன்பே, எழுத்தில் முடிந்திருக்க வேண்டும். இடத்துக்கு வந்த பிறகு ‘இந்த மேல் சட்டை இல்லாமல் ஒன்று எடுத்துப் பார்க்கலாமா’ என்று கேட்கவே கேட்காதீர்கள். தனியாக, வீட்டிலிருந்து தூரத்தில், உங்கள் வண்டியில் வந்திறங்கிய ஒருவர் அதற்குச் சொல்லும் ‘சரி’யை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கூட ஒருவரை அழைத்து வரலாம் என்று அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். வருகிறவருக்கு, வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரைக் கொடுத்து வேலையும் வாங்கிக்கொள்ளலாம். முடியை ஒதுக்கவோ காலரைச் சரிசெய்யவோ தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அதைவிட, கண்ணாடியைக் கொடுத்து அவரையே சரிசெய்யச் சொல்வது எளிது.

மாதிரிப் படங்கள் சேர்த்த மூட் போர்டு அனுப்புவீர்கள். எட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் எதற்காக வைத்தீர்கள் என்று ஒரு வரி போடுங்கள்: ‘இதில் வெளிச்சம் மட்டும்’, ‘இதில் கை இருக்கும் விதம்’, ‘இந்த நிறத்தில் உடை’. அந்த வரி இல்லையென்றால், நீங்கள் வெளிச்சத்துக்காக அனுப்பிய படத்தில் இருக்கும் தொப்பியை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்.

4. காகிதங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும். நான் தாண்டிப் போனவன், அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் காகிதம் ஒப்பந்தம். ஒரு பக்கம் போதும். தேதி, நேரம், இடம், பணம் அல்லது பரிமாற்றம், படங்களின் எண்ணிக்கை, தரும் நாள், ரத்து செய்தால் என்ன. பதிப்புரிமை யாருக்கு என்றும் ஒரு வரி எழுதுங்கள். பொதுவாக எடுத்தவருக்குத்தான் என்று நினைக்கிறோம். ஆனால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே முதல் உரிமை என்று சொல்லும் சட்டங்களும் உண்டு. இந்தியச் சட்டம் அப்படித்தான், வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டும் மாறும்.

இரண்டாவது மாடல் ரிலீஸ். பதிப்புரிமை உங்களிடம் இருந்தாலும், அந்த முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அவருடைய கையெழுத்து தனியாக வேண்டும். ஸ்டாக் படம், அதாவது யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துப் பயன்படுத்தும் தயார் படம், விற்கும் தளங்கள், அடையாளம் தெரிகிற முகம் இருந்தால் ரிலீஸ் இல்லாமல் வணிகப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆளை அடையாளம் காட்டும் படமும் தனிப்பட்ட தரவுதான். ரிலீஸில் இருக்க வேண்டியவை: இருவர் பெயர், எடுத்த தேதி, இடம், எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, பதிலுக்கு அவருக்கு என்ன கிடைக்கிறது, கையெழுத்து. ஒரு சாட்சி இருந்தால் நல்லது. சட்டப்படி வயது வராதவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும், அவர்களில் ஒருவர் ஷூட் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

எப்போது வாங்குவது? கேமராவை வெளியே எடுப்பதற்கு முன். ‘அப்புறம் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்’ என்று நான் ஒருமுறை சொன்னேன். எட்டு மாதம் கழித்து ஒரு நிறுவனம் அந்தப் படத்தைக் கேட்டபோது மாடலின் எண் மாறியிருந்தது. தேடிப் பிடித்தபோது அவர் தொழிலையே விட்டிருந்தார், படம் வெளியே வருவதில் விருப்பமில்லை என்றார். அவர் சொன்னது நியாயம். படம் இன்னும் என் கணினியில்தான் இருக்கிறது.

மூன்றாவது, இடத்துக்கான அனுமதி. பொது இடம் என்பதால் யாரும் எதுவும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. போனில் படமெடுத்தால் ஒருவரும் கேட்காத இடத்தில், டிரைபாட், லைட் ஸ்டாண்டு, உடை மாற்றம், கூட நான்கு பேர் என்று வந்ததும் அது ‘படப்பிடிப்பு’ ஆகிவிடும். பூங்கா, பாரம்பரியச் சின்னம், ரயில் நிலையம், வணிக வளாகம் எல்லாவற்றுக்கும் தனித்தனி அதிகாரி இருப்பார். முதலில் அந்த இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். நுழைவாயிலில் இருக்கும் பலகையிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்.

விண்ணப்பத்தில் நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எத்தனை பேர், என்னென்ன கருவி, எதற்காக என்ற ஐந்தும் இருக்கட்டும். மூன்று வாரம் முன்னதாகக் கொடுங்கள். சில இடங்களில் கட்டணத்தோடு, திருப்பித் தரும் வைப்புத்தொகையும் காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். காப்பீடு என்று சொன்னதும் பயந்து விட்டுவிடாதீர்கள், ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கிற வசதி பல நாடுகளில் இருக்கிறது.

வாய்மொழி அனுமதியை நம்பவே வேண்டாம். போனில் ‘அதற்கென்ன, வாங்க’ என்று சொன்னவர் அன்றைக்கு விடுப்பில் இருப்பார். வாசலில் நிற்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடிதத்தை அச்சிட்டு ஒரு நகல், போனில் ஒரு நகல், கையெழுத்திட்ட அதிகாரியின் அலுவலக எண், இவ்வளவும் பையின் வெளி ஜிப்பில் இருக்க வேண்டும். காவலாளியிடம் நீங்களாகவே போய்க் காட்டிவிடுங்கள். அவர் தேடி வந்து கேட்பதற்கும் நீங்கள் போய்ச் சொல்வதற்கும் அரை மணி நேரம் வித்தியாசம்.

நான்காவது எப்போதாவதுதான் தேவைப்படும்: பின்னணியில் தெரியும் கட்டடம், சுவரோவியம், சிற்பம் ஆகியவற்றுக்கான ரிலீஸ். ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கத் தடை இல்லை. இரவில் எடுத்தால் அந்த விளக்கு அலங்காரத்துக்குத் தனிப் பதிப்புரிமை, வணிகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். உங்கள் லொகேஷனில் அப்படிப் பெயர்போன எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வண்ணமயமான சுவரோவியம் இருந்தால் அதை வரைந்தவர் ஒருவர் இருக்கிறார்.

5. ஷூட் நடக்கும் அதே நேரத்தில் இடத்தைப் பாருங்கள்

காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் எடுத்தால், நீங்கள் பார்த்த இடம் அங்கே இருக்காது. மாலை ஐந்தரைக்கு ஷூட் என்றால் ஐந்தரைக்கே போய் நில்லுங்கள். சில நாள் முன்னால் போனால் போதும், மாதக்கணக்கில் முன்னால் போனால் சூரியன் இறங்கும் திசையே மாறியிருக்கும்.

சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 6 டிகிரிக்குள் இருக்கும்போது கிடைப்பதுதான் எல்லோரும் ஆசைப்படும் பொன் வெளிச்சம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும். நிலநடுக்கோட்டுப் பக்கம் அது கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்குவதால் கையில் இருப்பது 25 நிமிடம்தான். துருவத்தை நோக்கிப் போகப் போகச் சரிந்து இறங்கும், நேரம் கூடும். வடக்கு நாடுகளில் எடுக்கப்பட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்க்க ஆப் இல்லாமலும் வழி உண்டு. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு முஷ்டி நுழைந்தால் குறைந்தது 40 நிமிடம் இருக்கிறது. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், ஓரக்கண்ணால் போதும். ஆப்பில் காட்டும் மறையும் நேரம் தடையில்லாத அடிவானத்துக்கானது. மேற்கே ஒரு குன்றோ அடுக்குமாடியோ இருந்தால் உங்கள் சூரியன் அதற்கு முன்பே மறைந்துவிடும். இதற்காகத்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

நிழலில் எடுப்பவர்களுக்கு ஒரு சோதனை. கையை முகத்துக்கு எதிரே மூடிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரல் முட்டிகளையும் அவற்றுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு திசையில் எல்லாம் தட்டையாக இருக்கும். இன்னொரு திசையில் பள்ளம் கருத்துவிடும், தோலின் சுருக்கம் எல்லாம் தெரியும். நடுவே ஓரிடத்தில் முட்டியின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல இருண்டு உருட்சி தெரியும். அந்தக் கை இருக்கும் இடத்தில், உங்களைப் பார்த்தபடிதான் மாடல் முகம் இருக்க வேண்டும். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு வருவேன்.

அப்படியே கீழேயும் பாருங்கள். புல் தரை தாடைக்கு அடியில் பச்சையை ஏற்றும், செங்கல் சுவர் கன்னத்தில் சிவப்பை ஏற்றும். எடிட்டிங்கில் இதை எடுப்பது பெரிய இம்சை. சிமென்ட் தரையும் வெளிர் சுவரும் அலுப்பாகத் தெரியும், முகத்துக்கு அவைதான் நல்லவை.

உடை மாற்ற இடம், கழிப்பறை, உட்கார நிழல், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து எவ்வளவு நடை, அந்த நேரத்துக் கூட்டம், இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் மூன்று மணி நேர ஷூட் வைப்பவர் இரண்டாவது முறை அந்த மாடலிடம் தேதி கேட்க முடியாது.

6. செலவுக் கணக்கு

முதலில் நேரத்தை எண்ணுங்கள். இரண்டு மணி நேர ஷூட் ஒன்றுக்கு என் நோட்டில் இருக்கும் கணக்கு: பேச்சும் காகிதமும் 1 மணி, இடம் பார்க்க 2, போகவர ஒன்றரை, பேட்டரி ஏற்றிப் பை கட்ட அரை, ஷூட் 2, படம் தேர்வு 1, எடிட்டிங் இரண்டரை, அனுப்ப அரை. மொத்தம் 11 மணி. நீங்கள் இரண்டு மணிக்கு விலை சொன்னால் மீதி ஒன்பது மணி உங்கள் தலையில்.

இதன் மேல் அனுமதிக் கட்டணம், போக்குவரத்து, ஒப்பனைக் கலைஞர், உதவியாளர், வாடகைக்கு எடுத்த லென்ஸ். வாடகைக் கடையில் கேட்கும் வைப்புத்தொகை திரும்ப வந்துவிடும் என்றாலும் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். அனுமதிக் கட்டணத்தை உங்கள் சம்பளத்துக்குள் சேர்த்துச் சொல்லாதீர்கள். தனி வரியாகக் காட்டி, ரசீதோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் தருகிறவரிடம் பாதி முன்பணம் வாங்கினால்தான் தேதி உறுதி. மழை வந்தால் ஒரு முறை தேதி மாற்றம் இலவசம், ஷூட்டுக்கு முந்தைய இரண்டு நாளுக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்பது என் விதி. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று மட்டும் விலை பேசாதீர்கள். ஷூட் முடிந்த பிறகு ஒவ்வொரு படத்துக்கும் பேரம் நடக்கும்.

7. பையில் என்ன

கேமரா, இரண்டு லென்ஸ் போதும். முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சார் என்றால் 35 மிமீ, 85 மிமீ. சிறிய சென்சார் என்றால் 23, 56 பக்கம். மூன்றாவதைக் கொண்டுபோனால் மாற்றிக்கொண்டேதான் இருப்பீர்கள். இரண்டு பேட்டரி, இரண்டு கார்டு, 80 செ.மீ. மடக்கு ரிஃப்ளெக்டர். ரிஃப்ளெக்டரைப் பிடிக்க ஆள் இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், காற்றில் அது பாய்மரம். அப்புறம் ஊக்கு, துணி கிளிப், சீப்பு, டிஷ்யூ, உட்கார ஒரு துணி, கைக்கண்ணாடி. ஊக்கு இல்லாமல் போன நாளில்தான் உடை தொளதொளவென்று இருக்கும்.

8. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சூரியன் மறைவது 6:30 என்று வைத்துக்கொள்வோம். 4:30-க்கு நீங்கள் இடத்தில். ஒப்பனை வேறு எங்கோ முடிந்து மாடல் வருவது 5:00. காகிதங்கள், கையெழுத்து 5:15 வரை. அதன்பிறகு 20 நிமிடம் நிழலில், முதல் உடையில், பழகுவதற்காக. 5:35-லிருந்து 5:50 வரை உடை மாற்றம். 5:50-லிருந்து 6:30 வரை உங்கள் முக்கியமான படங்கள். சூரியன் மறைந்த பிறகும் இருபது நிமிடம் மெல்லிய நீல வெளிச்சம் இருக்கும், பையைக் கட்ட அவசரப்படாதீர்கள்.

மாடலிடம் ‘ஐந்து மணிக்கு’ என்று மட்டும் சொன்னால் சிலர் ஐந்து மணிக்கு ஒப்பனையைத் தொடங்குவார்கள். ‘ஐந்து மணிக்குத் தயாராக வந்து நிற்க வேண்டும்’ என்று எழுதுங்கள். உடை இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் கால் மணி நேரத்தைத் தின்னும், அதுவும் சரியாக நல்ல வெளிச்சத்தில்.

9. எடுக்கும்போது

85 மிமீ லென்ஸில், எஃப் 1.8-ல் (லென்ஸ் திறப்பின் அளவு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸில் இருக்கும் ஆழம் முழுச் சட்ட சென்சாரில் சுமார் 6 செ.மீ. தான். மாடல் பேசிக்கொண்டே கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் கண் போய் காது தெளிவாக இருக்கும். எஃப் 2.8 என்றால் 9 செ.மீ., எஃப் 4 என்றால் 13 செ.மீ. வாங்கிய காசுக்கு 1.8-லேயே எடுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. முதல் ஷூட்டுக்கு 2.8 வையுங்கள், ஃபோகஸ் அருகில் இருக்கும் கண்ணில். ஷட்டர் 1/250-க்குக் கீழே வேண்டாம், ஐஎஸ்ஓவைக் கேமராவிடம் விடுங்கள். வொயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சம் என்று ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறம். சூரியன் மாடலுக்குப் பின்னால் இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும், ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எளிது. கஷ்டம் பேச்சில்தான். ‘கம்பீரமாக நில்லுங்கள்’, ‘கொஞ்சம் ஃபீல் கொடுங்கள்’ என்றால் அந்த மனிதர் என்ன செய்வார்? உடம்பு செய்யக்கூடிய வேலையைச் சொல்லுங்கள். ‘எடையைப் பின்கால் மேல் போடுங்கள். இடது தோளை என் பக்கம். மூச்சை முழுக்க விட்டுவிட்டு என்னைப் பாருங்கள்.’ தாடை தளர்ந்து தெரிந்தால் ‘முகத்தை இரண்டு விரற்கடை முன்னால் நீட்டிக் கொஞ்சம் இறக்குங்கள்’. செய்கிறவருக்கு ஆமை மாதிரி இருக்கிறது என்று தோன்றும், படத்தில் சரியாக இருக்கும். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள்: சட்டைக் கையை மடிப்பது, சுவரில் ஒரு விரல் ஓட்டுவது. வேலையில்லாத கை மீன் மாதிரி தொங்கும்.

முதல் பத்துப் பதினைந்து நிமிடப் படங்கள் எதற்கும் ஆகாது. ஆகாது என்று தெரிந்தே எடுங்கள், ஆனால் முகத்தில் காட்டாதீர்கள். நான் ஆரம்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் திரையைக் குனிந்து பார்த்து, புருவத்தைச் சுருக்கி, ஒன்றும் சொல்லாமல் மறுபடி எடுப்பேன். எக்ஸ்போஷரைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன். எதிரே நிற்பவருக்கோ ‘நான் நன்றாக இல்லை’ என்று கேட்கும். ஒரு மாடல் முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் விட்டேன். இப்போது திரையைப் பார்த்தால் ‘வெளிச்சம் கூடிவிட்டது, என் தப்பு’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். நன்றாக வந்த முதல் படத்தை உடனே காட்டுங்கள். ஒன்று மட்டும். எல்லாவற்றையும் காட்டினால் அவர் தன் மூக்கைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

10. படத்தைக் கொடுப்பது

வீட்டுக்கு வந்த அன்று இரவே இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். படத்தைக் கொடுத்து முடிக்கும்வரை கார்டை அழிக்க வேண்டாம்.

தேர்வை மட்டும் அன்று செய்யாதீர்கள். எடுத்த கஷ்டம் மனதில் இருக்கும்வரை கஷ்டப்பட்டு எடுத்ததெல்லாம் நல்ல படமாகத் தெரியும். இரண்டு நாள் விட்டு உட்காருங்கள். 400 எடுத்திருந்தால் 40-க்கு வாருங்கள், அதிலிருந்து பேசிய எண்ணிக்கைக்கு. கண் மூடியது, ஃபோகஸ் தப்பியது எதையும் மாடலுக்கு அனுப்பக் கூடாது. நாளைக்கு அவர் போடப்போவது உங்கள் பெயரோடு அந்தப் படத்தைத்தான். ரா கோப்பு கேட்பார்கள். ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ‘சமைக்காததைப் பரிமாறுவதில்லை’ என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிடலாம். எடிட்டிங் செய்யும்போது முதல் பகுதியில் எழுதிய ஐந்து வரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தழும்பு அப்படியே இருக்கும் என்று எழுதிவிட்டு அதை அழித்து அனுப்பினால் சிலருக்கு அது பெரிய காயம்.

கோப்பு இரண்டு அளவில் போகட்டும். அச்சுக்கு முழு அளவு; 8-க்கு 10 அங்குலப் படத்துக்கு 2400-க்கு 3000 பிக்சல் இருந்தால் 300 டிபிஐ கிடைத்துவிடும். திரைக்கு நீளப் பக்கம் 2048 பிக்சல், பெரும்பாலான திரைகளுக்குப் பொருந்தும் எஸ்ஆர்ஜிபி நிற வகையில். அடோபி ஆர்ஜிபியில் சேமித்து அனுப்பினால் பல திரைகளில் தோல் சாம்பல் பூத்துத் தெரியும். என் கணினியில் சரியாக இருக்கிறதே என்று நான் ஒரு வாரம் வாதாடியிருக்கிறேன்.

பத்து நாளில் தர முடியும் என்றால் பதினான்கு என்று எழுதி, பத்தில் கொடுங்கள். கடைசியாக அந்த ஷூட்டின் ஃபோல்டருக்குத் தேதியை முன்னால் போட்டுப் பெயர் வையுங்கள். கையெழுத்தான ரிலீஸையும் அனுமதிக் கடிதத்தையும் ஸ்கேன் செய்து, படங்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் போடுங்கள். தனி இடத்தில் பத்திரமாக வைத்தால், எட்டு மாதம் கழித்து யாராவது படத்தைக் கேட்கும்போது தேடிக்கொண்டிருப்பீர்கள்.